அத்தைக்குத் தெரியாமல் அரைக்கட்டை

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாட்டு வகுப்பு. அங்கே தொண்டை போனது. மத்தியானம் முழுக்க வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஓடக்காரன் பாட்டோடு மல்லுக்கட்டினேன். இங்கே மூளை போனது.

யாரோ ஒரு பெண், என்றைக்கோ, நேரத்துக்கு வராத ஓடக்காரனைக் கரையில் நின்று திட்டியிருக்கிறாள். பதிமூன்று சரணம். பதிமூன்றிலும் திட்டுதான். மெட்டு மொத்தமே இரண்டு வரி. இதை நான் டிசம்பர் கச்சேரிக்கு நான்கு குரலாகப் பிரித்து எழுத வேண்டும். நாட்டுப்பாட்டைப் பாடகர் குழுவுக்கு அமைத்துக் கொடுப்பது என்றால் வேறொன்றுமில்லை. ஒருத்தி தனியாகத் திட்டியதை, முப்பது பேர் இஸ்திரி போட்ட உடையில் வரிசையாக நின்று, பக்கம் புரட்டிப் புரட்டித் திட்டுவது.

மேல்குரல் பெண்களுக்கு, அதாவது சோப்ரானோக்களுக்கு, மெட்டு. அவர்கள் எப்போதும் மாப்பிள்ளை வீட்டார். கீழ்க்குரல் பெண்களான ஆல்டோக்களுக்கு ஒரே ஸ்வரத்தில் நிற்கும் வேலை. ஆண்களின் பேஸ் வரிசையில் என் வீட்டுக்காரர் இவரும் இன்னும் ஏழு பேரும் அடியில் உறுமுவார்கள். அதற்கு மேலே பாடும் டெனர் என்று எங்களிடம் இருப்பது இரண்டே ஆண்கள், ஒருவர் மின்வாரியம், ஒருவர் பேக்கரி. இரண்டு பேருக்காக மெனக்கெட்டு என்ன எழுதுவது? ஏதோ எழுதி வைக்கிறேன்.

அத்தை, இவருடைய அம்மா, வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார். "மெட்டு ஏற்கெனவே இருக்கு. வார்த்தையும் இருக்கு. அப்புறம் மத்தியானத்திலேர்ந்து நீ என்னதான்மா பண்றே?" பதில் எதிர்பார்க்காத கேள்வி. டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். நானும் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

இந்தப் பருவத்தின் முதல் ஒத்திகை. டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் மாடி ஹாலில் இன்னும் ரப்பர் நாற்றம்தான்.

கடைசிப் பாட்டு வழக்கம்போல நட்சத்திரக் கேரல் என்கிற கிறிஸ்துமஸ் பாட்டு. அதன் கடைசிச் சரணத்தில் எல்லாரும் மெட்டைப் பாட, அதற்கும் மேலே ஒரே ஒரு குரல் தனியாக ஏறிப் பறக்கும். இசைக்காரர்கள் அதற்கு டெஸ்கன்ட் என்பார்கள். எங்கள் குழுவில் அதற்கு 'அத்தை' என்று பெயர். இவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதை அத்தைதான் பாடுகிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்தக் குரல் கம்பி இல்லாமலே அடுத்த ஊருக்குப் போகும் என்று அங்கே சொல்வார்களாம்.

இன்றைக்கு உச்ச ஸ்வரத்துக்கு ஏறினார். வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ஸ்வரம் வந்தது.

குழுவை நடத்தும் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். கீபோர்டு வாசிக்கும் பல் டாக்டர் சத்தத்தைக் கூட்டினார். அத்தைக்குப் பின்னால் நிற்கும் பேங்க் அம்மா தன் செருப்பை ஆராய்ந்தார். அத்தை மட்டும், "ஹால்ல ஒரே தூசி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாஸ்டர் போன் செய்தார். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து. நேரத்தை இவர்தான் சொல்லியிருக்க வேண்டும், துரோகி.

"நீங்க அரேஞ்ச்மென்ட்லயே ஏதாவது பண்ணிடுங்கம்மா."

"ஏதாவதுன்னா?"

"அவங்க மனசும் நோகாம, பாட்டும் கெடாம, அவங்களுக்கும் தெரியாம."

"நீங்க மாஸ்டர். நீங்களே சொல்லலாமே சார்."

"எனக்கு இருதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார்.

பூனைக்கு மணி கட்டச் சொன்னால் ஆளாளுக்கு மருத்துவச் சீட்டைக் காட்டுகிறார்கள். இவரிடம் கேட்டேன். உங்க அம்மாதானே, மெதுவாகச் சொல்லக்கூடாதா? "அம்மாவாச்சு, நீயாச்சு. என்னால மத்தளம் ஆக முடியாது, ரெண்டு பக்கமும் இடி வாங்க." இப்படிச் சொல்லிவிட்டு டிவிக்குள் போய்விட்டார்.

சரி, நான் சொல்லலாம். சொல்வேனா? மாட்டேன். அத்தையிடம் உப்பு அதிகம் என்று சொல்லவே எனக்கு ஆறு வருஷம் ஆனது.

செப்டம்பர் 13, சனி

வழி பிறந்தது. கண்டுபிடித்தவர் பல் டாக்டர்.

அவர் ஒரு விசித்திரப் பிறவி. எந்தப் பாட்டாக இருந்தாலும் விரலுக்குத் தெரிந்த ஒரே சுருதியில்தான் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமென்றால் கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் விரல் அதே கட்டையில் இருக்க, சத்தம் மட்டும் அரைக்கட்டை இறங்கும். இன்னொரு அமுக்கு, இன்னொரு அரை. ஒத்திகை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு அரைக்கட்டையா இறக்கிக்கிட்டே போகலாம் மேடம். பேப்பர் மாறாது. யாருக்கும் தெரியாது. வலிக்காது."

அவர் 'வலிக்காது' என்று சொல்லி நான் நம்பிய கடைவாய்ப் பல் இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் சரி என்றேன்.

செப்டம்பர் 20, சனி

அரைக்கட்டை இறக்கம். அத்தை வருவதற்கு முன்பே டாக்டர் அமுக்கிவிட்டார். உச்ச ஸ்வரம் இந்த வாரம் பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி எங்கள் வாசல் வரை வந்தது.

அத்தை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரே உற்சாகம். உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததன் பலனாம்.

அக்டோபர் 4, சனி

ஒரு கட்டை. இப்போது அத்தையைத் தவிர குழுவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தொண்டை இருக்கிறதே. எல்லாரும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒத்துக்கொள்கிறேன், நன்றாகவே சிரித்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

இவர் புலம்பல்: "இன்னும் இறக்கினா நான் கிணத்துக்குள்ள நின்னுதான் பாடணும்."

அக்டோபர் 18, சனி

ஒன்றரைக் கட்டை. பேஸ் வரிசையில் இனி ஸ்வரம் கிடையாது, காற்றுதான். வெளியூர் லாரி ஏற்றத்தில் ஏறுவது போல ஒரு அதிர்வு. ஆல்டோக்களின் குரல் ஆண்பிள்ளைக் குரலாகிவிட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கை அசைக்கிறார். இசையில் லயித்து என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம்.

இடைவேளையில் அத்தை சோப்ரானோக்களைச் சுற்றி உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். எவ்வளவு வெந்நீருக்கு எவ்வளவு உப்பு, தலையை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும், கொப்பளிக்கும்போது என்ன ஸ்வரம் பிடிக்க வேண்டும். பேங்க் அம்மா பாவம், காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அத்தை தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கவில்லை, அத்தை போனில் பேசினால் தெருவே கேட்கும்.

"எழுபத்திமூணு வயசுலடி! குரல் போகும்னு தானே எல்லாரும் சொல்வாங்க? எனக்குத் திரும்பி வருது. போன வருஷம் தடவித் தடவித்தான் போனேன், உங்கிட்ட சொல்லல, பயந்துட்டேன். ராத்திரி தூக்கம் வராது. இப்ப தானா வந்து உக்காருது. டிசம்பர்ல நீ கண்டிப்பா வர்றே. முன் வரிசையில உக்கார்றே."

போன வருஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பயந்திருக்கிறார். ஒரு பேச்சு மூச்சு இல்லை. ஒரே வீட்டில், பக்கத்து அறையில்.

எனக்கு இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சாமர்த்தியசாலியைக் காணோம்.

நவம்பர் 8, சனி

இரண்டு கட்டை முழுசாக. இதற்கு மேல் இறங்கினால் டயர் கடைதான்.

உச்ச ஸ்வரம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியே வந்து நின்றது, கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்த மாதிரி. முப்பது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அத்தை கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. இவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 15, சனி

இன்றைக்கு நடந்ததை எங்கே போய்ச் சொல்வது?

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அத்தை சொன்னார். "இந்த வருஷம் நீ நல்லா எழுதியிருக்கேம்மா. தொண்டைக்கு இதமா இருக்கு. பாடறவங்களை நெனச்சு எழுதியிருக்கே."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் பாராட்டு! கல்வெட்டில் வெட்டி வைக்க வேண்டியது. நான் இரவும் பகலும் முட்டி மோதி எழுதிய ஆல்டோ வரிக்கோ, ஓடக்காரன் பாட்டின் முன்னிசைக்கோ இல்லை. கீபோர்டில் இருக்கிற ஒரு பட்டனுக்கு.

"அத்தை, அது..." என்று ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வராமல் இருந்தால் சொல்லியிருப்பேனா? பஸ் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டேன், ஜன்னலோரத்தில்.

நவம்பர் 29, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

கச்சேரி நடக்கப்போகும் நகர மன்றத்தில் இன்று முழு ஒத்திகை. பெரிய ஹால், நல்ல நாற்காலி, நாற்றமில்லாத காற்று. முதல் பாதி ஒழுங்காகப் போனது. இடைவேளையில் ஹால் ஊழியர் தரை தேய்க்கிற மிஷினுக்காக ஒரு பிளக்கைப் பிடுங்கினார். கீபோர்டு பிளக். தேய்த்து முடித்ததும் நல்ல பிள்ளையாகத் திரும்பவும் சொருகி வைத்தார். அந்தச் சனியன் கீபோர்டு கரன்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பட்டனில் இறக்கிய இரண்டு கட்டையும் மறந்துவிட்டது. பல் டாக்டர் டீயும் கையுமாக வந்து உட்கார்ந்து, பார்க்காமல், நட்சத்திரக் கேரலை ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்தது. பேஸ் வரிசையைப் பார்த்தேன். எட்டு ஆண்களின் முகமும் மலர்ந்திருந்தது. எத்தனையோ வாரம் கழித்து நிஜமான ஸ்வரத்தில் பாடுகிறார்கள். இவர் கண்ணை மூடி ரசித்துப் பாடிக்கொண்டிருந்தார், மக்கு!

நான் எழுந்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மூன்று சரணம் நேரம் இருந்தது. எழுந்து 'நிறுத்துங்க' என்றால், ஏன் என்று அத்தை கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ரெண்டாவது சரணத்துலயும் யோசிச்சேன். மூணாவதுலயும் யோசிச்சேன். உக்காந்தே இருந்தேன்.

அத்தை தோளை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம் புன்னகையோடு, எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஏறினார்.

ஒன்றும் வரவில்லை. பிசிறுகூட இல்லை, காற்று. வாய் திறந்தபடியே இருந்தது. மற்றவர்கள் மெட்டைப் பாடி முடித்தார்கள், வேறு என்ன செய்வார்கள்.

மாஸ்டர் "அஞ்சு நிமிஷம் ரெஸ்ட்" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட தூசி, குளிர், ஏசி என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பல் டாக்டர் பதற்றத்தில் சத்தமாகக் கத்திவிட்டார்: "ஐயோ, ரீசெட் ஆயிடுச்சு!" டக் டக் டக் டக் என்று நாலு தடவை அமுக்கி, சரியாகிவிட்டதா என்று பார்க்க அதே ஆரம்பத்தை வாசித்தும் காட்டினார். இரண்டு கட்டை கீழே. ஹால் முழுக்கக் கேட்டது.

அத்தை திரும்பினார். "டாக்டர், அது என்ன பட்டன்?"

பல் டாக்டருக்குத் தெரிந்த ஒரே பொய் 'வலிக்காது'. அது இங்கே உதவாது. முழுசாகச் சொல்லிவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்லேர்ந்து."

அத்தை முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒவ்வொருவராக. யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதைப் பார்த்தார். கடைசியாக என்னை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் ஓடினேன். "வராதே" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

கொப்பளிக்கிற டம்ளரைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

பேச்சு இல்லை. சாப்பாடு ஆகிறது, துணி காய்கிறது, டிவி ஓடுகிறது. "டீ வேணுமா அத்தை" என்றால் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். மகனோடும் பேசவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று இவர் என்னிடம் ஆரம்பித்தார். எப்போ சொன்னீங்க? கிணத்துக்குள்ள நின்னு சொன்னீங்களா? மறுபடி டிவிக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் அத்தை தங்கைக்குப் போன் செய்தார். இந்தத் தடவை தெருவுக்குக் கேட்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன் (ஆமாம், இந்தத் தடவை ஒட்டுத்தான் கேட்டேன்).

"டிக்கெட் எடுத்துட்டியா? ரத்து பண்ணிடு. இல்லடி, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய். எனக்கே தெரியாம சொன்ன பொய்."

நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

மன்னிப்புக் கேட்கப் போனேன். ரொம்ப நேரம் ஒத்திகை பார்த்து, முன்னிசை எல்லாம் வைத்து. அத்தை செய்தித்தாளை மடிக்காமலே கேட்டார். முடித்ததும் இரண்டே இரண்டு வாக்கியம். "குரல் போச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன். இத்தனை மாசம் உங்க எல்லார் முன்னாடியும் ஆடவிட்டுட்டியேம்மா."

பக்கத்தைப் புரட்டினார். நான் வந்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நேற்று ஒத்திகைக்கு அத்தை வரவில்லை. சோப்ரானோ வரிசையில் அவர் இடம் அப்படியே இருந்தது. நெருங்கி நிற்க யாருக்கும் தைரியம் இல்லை, பல் விழுந்த இடம் போல. பல் டாக்டரே அதைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் எழுதுவது. உட்கார்ந்து எழுதினேன். ஓடக்காரன் பாட்டின் நடுவே அத்தைக்காக ஒரு தனிக்குரல், கீழ் ஸ்தாயியில், இப்போதிருக்கிற குரலுக்குக் கச்சிதமாக. எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் இடத்தில் வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். அதன்மேல் சூடான பால் பாத்திரம் இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

மேசையில் கறை படாமல் இருப்பதற்காவது பயன்பட்டதே.

டிசம்பர் 10, புதன்

மின்வாரியத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் (வேறு டாக்டர்) மாதக் கடைசிவரை பேசவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். டெனர் வரிசையில் மிச்சம் பேக்கரிக்காரர் ஒருத்தர். அவர் தனியாக நின்றால் டெனர் என்று ஒன்று இருக்காது. மெட்டைத்தான் பாடுவார், அதுவும் ஒரு வார்த்தை பின்னால்.

இதைச் சொல்ல மாஸ்டர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது அத்தை. பயத்தில் மாஸ்டர் என்னைக் கேட்காமல் அவரிடமே எல்லாவற்றையும் ஒப்பித்திருக்க வேண்டும். நான் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்.

"அதுக்கு நான் என்ன பண்ண?... சரி, கச்சேரி கெட்டா கெடட்டும்... ம்... டெனர்னா எதுவரைக்கும் மேல போகணும்?... கீழ? பாடிக் காட்டுங்க... சார், அது பேஸ். டெனரைப் பாடுங்க... அட, அவ்வளவுதானா?"

அத்தை போனைக் காதில் வைத்தபடியே அந்த வரியைத் திரும்பப் பாடினார். கீழே, திடமாக, ஒரு சொட்டுக் காற்று இல்லாமல். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எப்போதும் உச்சாணிக் கொம்பில் இருந்ததால் இது உள்ளே இருப்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

"சனிக்கிழமை வரேன். ஒரு கண்டிஷன். அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாது. பாட்டு எந்தச் சுருதியில எழுதியிருக்கோ அந்தச் சுருதியில பாடணும்."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "டெனர் பேப்பர் எங்க?"

அவசர அவசரமாகத் தேடினேன். ஆல்டோவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "இது ஆல்டோ" என்று திருப்பித் தந்தார்.

டிசம்பர் 13, சனி

ஹாலுக்குள் நுழைந்து நேராக ஆண்கள் பக்கம் போய் பேக்கரிக்காரர் அருகில் நின்றார். பேக்கரிக்காரர் இரண்டடி நகர்ந்தார். "ஓடாதீங்க, நீங்க ஓடினா நான் யாரோட பாடறது" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு தடவைகூட மெட்டுக்குத் தாவவில்லை. தாவப் பார்த்தபோதெல்லாம் அத்தை பேப்பரால் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மாஸ்டர் தயங்கித் தயங்கி, டெஸ்கன்டை இந்த வருஷம் விட்டுவிடலாமா என்றார். அத்தைதான் பேசினார். "ஏன் விடணும்? அதுக்குத்தானே கடைசிப் பாட்டா வச்சிருக்கு. பேங்க் அம்மா பாடட்டும். எம் பின்னாடி நின்னு இத்தனை வருஷம் வாயசைச்சிட்டுதானே இருக்காங்க, எனக்குத் தெரியாதா?"

பேங்க் அம்மா அழுதுவிட்டார். அத்தை அழவில்லை. பேப்பரை ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டெனர் வரியை என் முன்னால் போட்டார். "என்ன இது? ஒரே இடத்துல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது. திடீர்னு குதிக்குது. மறுபடி நிக்குது. ரெண்டு பேர்தானேன்னு எழுதினியா?"

ஆமாம் என்றேன். இனி என்ன மறைக்க இருக்கிறது.

"மாத்து."

டிசம்பர் 14, ஞாயிறு

மாற்றினேன். முழு டெனர் வரியும், முதலிலிருந்து. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பாடிப் பார்த்துத் திருப்பித் திருப்பித் தந்தார். நான்காவது முறை தரும்போது, பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"பயம் அத்தை."

"எம்மேலயா?"

"உங்கமேலதான்."

பேப்பரைக் கீழே வைத்தார். "மருமக பயந்து இருக்கறது நல்லதுன்னுதான் நெனச்சிருந்தேன். எங்க மாமியாருக்கு நான் அப்படித்தான் பயந்தேன். இப்ப பார்த்தா, பயந்தவங்க யாரும் எங்கிட்ட நிஜத்தைச் சொன்னதே இல்ல போல. அங்க முப்பது பேர் நின்னாங்க. ஒருத்தர் சொல்லல."

"தப்பு என்னோடதுதான் அத்தை."

"உன்னோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. இனிமே எதுவானாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லு. அழுதா அழறேன். கத்தினா கத்தறேன். நீ சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இந்த மாதிரி சத்தியத்தை எல்லாம் யார் கண்டுபிடித்தது?

டிசம்பர் 20, சனி

கச்சேரி. எழுதிய சுருதி, பட்டன்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. பல் டாக்டர் கீபோர்டு பிளக்கின் மேல் தன் காலையே வைத்துக்கொண்டு வாசித்தார்.

ஓடக்காரன் பாட்டில் பதிமூன்று சரணத்தையும் திட்டித் தீர்த்தோம். ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். நட்சத்திரக் கேரலில் பேங்க் அம்மா ஏறினார். ஏறிவிட்டார்! அந்த நேரம் நான் அவரைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தேன். எல்லாரும் மேலே நிமிர்ந்து பாடும்போது அத்தை குனிந்து பேப்பரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். கண் நனைந்திருந்தது. வாய் டெனரை விடவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்யாமல் தங்கை வந்திருந்தார், முன் வரிசையில். "ஆம்பளைங்க நடுவுல எதுக்குடி நின்னே?" என்றார். "அங்கதான் ஆள் இல்ல" என்றார் அத்தை.

டிசம்பர் 21, ஞாயிறு

இவருக்குக் காய்ச்சல். சந்தோஷக் காய்ச்சல் என்கிறார். சுருதி ஏறிக் கிணற்றைவிட்டு வெளியே வந்த சந்தோஷமாம். மிளகுக் கஷாயம் கேட்கிறார். கிணத்துக்குள்ளே போய்க் குடிக்கச் சொன்னேன்.

ஜனவரி 10, சனி

ஒத்திகைகள் இன்றைக்குச் சாயங்காலம்தான் மறுபடி ஆரம்பம். மின்வாரியத்துக்குக் குரல் திரும்பிவிட்டது. அத்தை டெனரைவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இனி அங்கே மூன்று பேர், ஒரு தலைவி.

காலையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டே புதுப் பாட்டின் டெனரைப் பாடிப் பார்த்தார். டெனரைத் தனியாகக் கேட்டால் ஒரு பக்கத்து டெலிபோன் பேச்சு மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்தினார்.

"இது தனியாப் பாடினா ஒண்ணுமே புரியல. நீ மேல மெட்டைப் பாடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

பாடினேன். நான் எழுதுகிறவள், பாடுகிறவள் இல்லை, இருந்தாலும் பாடினேன். அத்தை கீழே பிடித்துக்கொண்டார். சமையலறை சின்னது, இரண்டு குரலுக்கே நிறைந்துவிட்டது. சரணம் முடிந்தது. அத்தை குழாயை மூடினார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அத்தை" என்பது நுனி நாக்குவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். விழுங்கினேன்.

"கடைசி ஸ்வரம் கீழ போகுது அத்தை."

என்னைப் பார்த்தார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான். ஆனா போகுது."

"மூச்சு பத்தல" என்றார். "சரி, இன்னொரு தடவை. நீ மெட்டை அவசரப்படுத்தாதே, அதுவும் ஒரு காரணம்."

மறுபடி பாடினோம். மறுபடியும் கீழேதான் போனது. சொன்னேன்.

"தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூன்றாவது தடவைக்கு மூச்சு எடுத்தார்.